வேலிப் பூவரசின் சாட்சி

அண்மையில் புங்குடுதீவில் பற்றை மூடிய ஒரு வளவுக்குள் ஓர் அம்மாவுடன் நுழைந்தேன். 1991 இடப்பெயர்வில் அவர் விட்டுப்போன வீடு அது. காணி உறுதியும் தொலைந்துவிட்டது. கூரையில்லாத சுவரை ஆலம்வேர் பற்றியிருந்தது. எல்லை தேடியவர், வரிசையாய் நின்ற பூவரசுகளைத் தொட்டார்.

"பிள்ளை, இது நான் நட்ட கதியால்."

கிணற்றையும் கண்டுபிடித்தார். சுண்ணக்கல்லில் ஊறும் மழைநீர் உப்புநீரின்மேல் தங்கும் தீவு இது. நல்ல தண்ணீர்க் கிணற்றை ஊரார் மறப்பதில்லை. அயலவர் ஒருவர் அந்தக் கிணற்றைச் சொல்லியே அம்மாவை அடையாளம் கண்டார்.

சகோதரிகளே, உறுதி இல்லையென்று மனம் தளராதீர்கள். எல்லை மரம், கிணறு, அயலவர் பெயர் அனைத்தையும் எழுதிவையுங்கள். பதிவான உறுதியென்றால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். மரங்கள் நிற்கின்றன, அவற்றை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகின்றனர்.