சர்வேயர் ஆக ஆசையா? பணம் கட்டுவதற்கு முன்…

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கடலூர் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசைகட்டி நிற்கும்போது மீன்வளத் துறையினர் வந்து பதிவெண், இன்ஜின், உயிர்காப்புச் சாதனங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பல்லாயிரம் டன் சரக்குக் கப்பலில் இதைப் போன்ற வேலையைச் செய்பவர் மரைன் சர்வேயர். மதிப்பும் வருமானமும் உள்ள தொழில்தான். ஆனால் "ஆறு மாத கோர்ஸ் படி, நேரே சர்வேயர்" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

மத்திய அரசின் வணிகக் கடல்துறையில் சர்வேயர் ஆக யுபிஎஸ்சி வழியாகத்தான் போக வேண்டும். அதற்கும் முன்னால் கடலில் வருடக்கணக்கில் வேலை பார்த்து, உயர்நிலைத் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கப்பல் சேதத்தையும் சரக்குச் சேதத்தையும் இன்சூரன்ஸுக்காக மதிப்பிடுவோருக்கு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் உரிமம் வேண்டும்; தேர்வும், உரிமம் பெற்றவரிடம் பயிற்சியும் உண்டு. குறுக்கு வழி எதுவும் கிடையாது.

சர்வேயர் கப்பலின் டேங்குகளுக்குள்ளும் இறங்கிப் பார்க்க வேண்டியிருக்கும்; அதிலுள்ள ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். மாதக்கணக்கில் மூடிக்கிடந்த டேங்கில் இரும்பு துருப்பிடிக்கும்போது உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். வாடை இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. டார்ச்சோடு இறங்கியவர் ஏணியடியில் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க ஓடியவரும் விழுவார். காற்றில் இயல்பாக 21 சதவீதம் ஆக்சிஜன் உண்டு. அந்த அளவை மீட்டரில் கண்ணால் பார்க்காமல், நுழைவு அனுமதிச் சீட்டும் வாயிலில் ஓர் ஆளும் இல்லாமல் இறங்க மறுக்கலாம், மறுக்கத்தான் வேண்டும். 2016 ஜூலை முதல் கப்பலிலேயே வாயு அளக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. "நேரமாச்சு சார், டைடு போயிடும்" என்று ஏஜென்ட் பறப்பார். பறக்கட்டும்.

சர்வேயர் ஆவதற்கு முன் பார்க்க வேண்டிய அந்தக் கடல் வேலைக்கு முதல் படி கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த நிறுவனத்தில் படிப்பது. பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு ஆர்பிஎஸ்எல் எனப்படும் ஆள்சேர்ப்பு உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்போர்ட், சிடிசி (மாலுமியின் அடையாளப் பணிப் புத்தகம்), மருத்துவச் சான்று செலவு நம்முடையது. வேலை வாங்கித் தரக் கட்டணம் கேட்பதே விதிமீறல்.

ஏமாந்துவிட்டால் இயக்குநரகத்துக்கும் காவல்துறைக்கும் சேர்த்தே புகார் கொடுங்கள். ஆன்லைன் மோசடியில் பணம் போனால் அன்றைக்கே 1930-ஐ அழையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம். ரசீது, வங்கிப் பரிமாற்றம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் விட்டால், புகாரை நிரூபிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.