நீல முக்காட்டு நாவி

கோடை முதிர்ந்து பிற செடிகள் ஓயத் தொடங்கும் வேளையில், ஐரோப்பியத் தோட்டங்களில் ஆளுயரத் தண்டெங்கும் கருநீலப் பூக்களை அடுக்கி நிற்கும் செடியொன்று உண்டு. பூவின் வடிவு கண்டு ஆங்கிலேயர் அதனைத் துறவியின் முக்காடு என்பர். அகோனிட்டம் நேப்பெல்லசு என்பது அறிவியற்பெயர். சித்த மருத்துவர் வசநாவி என்றறியும் இமயமலைச் செடியும் இப்பேரினத்ததே.

நாம் இதழென்று காண்பவை உண்மையில் நீலம் பூண்ட ஐந்து புல்லிகள். மேற்புல்லியே முக்காடாகக் கவிந்துள்ளது. அதனுள்ளே காம்புடைய இரண்டு அல்லிகள் உச்சியில் தேனைச் சுரந்து மறைத்து வைக்கின்றன. நீண்ட நாவுடைய பெருந்தேனீக்களே அதனை நேர்வழியில் எட்டும். குறுநாவுடையவை முக்காட்டைத் துளைத்து உண்ணும். இத்துணை நுட்பமான பூவைத் தோட்டத்தில் காண்பது பெரும்பேறு.

எனினும் இச்செடியை அறிய விரும்புவோர் அதன் கிழங்கையே நோக்கவேண்டும். பூத்து முடிந்தபின் தாய்க்கிழங்கு மடிகிறது. அருகே திரண்ட சேய்க்கிழங்கே அடுத்த ஆண்டு தளிர்க்கிறது. பல்லாண்டுச் செடி என்று நாம் போற்றுவது, ஆண்டுதோறும் புதுக்கிழங்கில் தொடரும் வழிமுறையே. ஆதலின் இலையுதிர் காலத்தில் சேய்க்கிழங்குகளைப் பிரித்து, ஓரடி இடைவெளியில் நடுவர். குளிர்ந்த, ஈரம் வற்றாத, மக்கு நிறைந்த மண்ணும் சிறு நிழலும் வேண்டும். மண் காய்ந்தால் கீழிலைகள் கருகும். விதை முளைப்பதற்குக் குளிர்காலம் ஒன்றைக் கடந்தாக வேண்டும்.

அக்கிழங்கிலேயே அகோனிட்டைன் என்னும் கொடுநஞ்சும் மிகுந்துள்ளது. நரம்பிலும் இதயத்தசையிலும் உள்ள சோடியம் வாயில்களை அது மூடவிடாது. இதயம் சீர்குலைந்து துடித்து நின்றுவிடும். இரண்டு மில்லிகிராம் அளவே உயிரைப் பறிக்கக்கூடும். மாற்றுமருந்து இல்லை. 1856-இல் இசுக்காட்லாந்தின் டிங்வால் நகரில், காரச்சுவைக்காக அரைக்கும் குதிரைமுள்ளங்கி எனக் கருதி இவ்வேரை அகழ்ந்து விருந்தில் படைத்தனர். உண்டோர் சிலர் மாண்டனர். பிழை சமையலறையில் நேர்ந்ததன்று, பாத்தியில் நேர்ந்தது. உண்ணும் வேரும் உயிர்கொல்லும் வேரும் அருகருகே வளர்ந்தால், இலை உதிர்ந்தபின் எவர் பிரித்தறிவார்?

எனவே நாவியைக் காய்கறிப் பாத்திக்கு அணித்தாக ஒருபோதும் நடாதீர். சிறுவரும் கால்நடையும் அணுகா இடத்தில், பூப்பாத்தியின் பின்வரிசையில் நடுக. கிழங்கைப் பிரிக்கும்போது கையுறை அணிக.