மழலை தவழும் கம்பளம்



மாலை வேளை, வீட்டிற்கு விருந்தினர் வந்திருக்கின்றனர். கூடத்திலே அழகிய கம்பளம் ஒன்று விரிக்கப்பட்டிருக்கின்றது. எட்டு மாதக் குழந்தையொன்று அதன்மேல் தவழ்ந்து வருகின்றது. கையிலிருந்த பாற்போத்தல் சரிந்து பால் சிந்துகின்றது. "ஐயோ, கம்பளம்!" என்று கூவியபடி தாய் ஓடி வருகின்றாள். குழந்தை திடுக்குற்று வீரிட்டு அழுகின்றது. பாற்கறை கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலால் தாய் ஓடி வந்தாள். சற்று முன்னர் அதே கம்பளத்தில் ஊன்றிய கையைக் குழந்தை வாயில் வைத்துச் சுவைத்ததே, அதனை எவரும் கவனித்திலர். இவ்விரண்டனுள் எது பெரிது? இன்று நாம் ஆராயப் புகும் பொருள் அதுவே.

கம்பளம் குளிர்நாடுகளில் வாழ்ந்தோர் தரையின் தண்மைக்கு அஞ்சி வளர்த்த கலை. 1949ஆம் ஆண்டிலே, சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியிற் பனியுள் உறைந்த கல்லறை ஒன்றிலிருந்து கம்பளமொன்று எடுக்கப்பட்டது. அது ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுப் பழைமை உடையது. நம் முன்னோருக்கோ மெழுகிய தரையும் பன்பாயும் பனையோலைப் பாயும் போதுமானவையாய் இருந்தன. பாயை உதறலாம், சுருட்டி மூலையிற் சாத்தலாம், வெயிலிற் போடலாம். இன்று நுவரெலியாவின் குளிரிலும் கொழும்பின் அடுக்குமாடி வீடுகளிலும் கம்பளம் இடம்பெற்றுவிட்டது. பாயிலே மேலாகக் கிடக்கும் தூசு கம்பளத்தின் மயிர்க்கால்களுக்கிடையே இறங்கி ஒளிந்துகொள்ளும். ஆகவே, பாயைப் பேணிய முறை கம்பளத்திற்குப் போதாது.

அங்கே ஒளிந்திருப்பவை யாவை? மிதியடியோடு வந்த மண், சிந்திய உணவுத் துணுக்கு, நம் உடலிலிருந்து உதிரும் தோற்செதில், அச்செதிலை உண்டு வாழும் தூசுச் சிற்றுண்ணி ஆகியவையே. இவ்வுண்ணியின் நீளம் ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு. வெறுங்கண்ணால் அதனைக் காண்டல் அரிது. வீட்டுத் தூசினால் உண்டாகும் ஒவ்வாமைக்கு இதுவே தலையாய காரணம் என்பதை ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகர ஆய்வாளர் 1964ஆம் ஆண்டளவிலே எடுத்துக்காட்டினர். தொய்வு என நாம் கூறும் ஆஸ்துமா நோயுள்ள குழந்தைக்கு உண்ணியின் எச்சம் மூச்சுத் திணறலைத் தூண்டக்கூடும். இவ்வுண்ணி நீர் குடிப்பதில்லை; காற்றின் ஈரலிப்பை உறிஞ்சியே உயிர் வாழும். ஈரலிப்பு மிகுந்த நம் நாட்டிலே அதற்கு என்ன குறை! பெரியோரின் மூக்குத் தரைக்கு ஐந்தடி மேலே உள்ளது. தவழும் குழந்தையின் மூக்கோ தரையோடு ஒட்டியே செல்கின்றது.

இனி, காக்கும் வழிகளை நோக்குவோம். முதலாவது வழி வாயிலிலேயே தொடங்குகின்றது. செருப்பையும் சப்பாத்தையும் வெளியே கழற்றிவிட்டு, கால் கழுவி உள்ளே வருவது நம்மவர் வழக்கம். அதன் பயன் பெரிது. வட்டப்புழுவின் முட்டை மண்ணிற் சில வாரங்கள் கிடந்து நோயூட்டும் வல்லமை பெறுவது. அம்மண் கம்பளத்தை அடைந்தால், அங்கிருந்து குழந்தையின் வாய்க்கு நெடுந்தூரமில்லை. வாயிலிலே தும்புக் கால்மிதி ஒன்று கிடக்கட்டும். அதனையும் நாள்தோறும் வெளியே தட்டுங்கள்.

இரண்டாவதாக, குழந்தையுள்ள வீட்டிற்குச் சுவருக்குச் சுவர் ஒட்டிய கம்பளத்திலும், தூக்கி உதறத்தக்க சிறு கம்பளமே ஏற்றது. குழந்தை விளையாடும் இடத்திலும் உணவுண்ணும் இடத்திலும் கழுவத்தக்க பருத்தி விரிப்பொன்றை மேலே இடுக. அவ்விரிப்பை வாரந்தோறும் 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரிலே துவைத்தால் உண்ணிகள் மாளும்.

மூன்றாவதாகத் தூசு நீக்கல். 1901ஆம் ஆண்டிலே ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் தூசு உறிஞ்சும் பொறியை அமைத்தார். குதிரைகள் இழுத்துவந்த அப்பெரும்பொறி தெருவிலே நிற்கும். நீண்ட குழாய்கள் சாளரத்தின் வழியே வீட்டினுட் செல்லும். இன்று அது கையால் உருட்டும் சிறு கருவியாகிவிட்டது. அதனை விரைந்து இழுத்தாற் பயனில்லை. ஒரே இடத்திற் பலமுறை, மெதுவாக, முன்னும் பின்னும் குறுக்குமாகச் செலுத்துதல் வேண்டும். குழந்தை தவழும் பருவத்தில் வாரம் இருமுறையேனும் இது நிகழ்தல் நன்று.

கருவி இல்லாதோர் கவலைப்பட வேண்டியதில்லை. வெயில் காயும் நாளிற் கம்பளத்தை வெளியே கொண்டுசென்று, நிறம் மங்காதபடி பின்புறம் மேலாக விரித்துச் சில மணி நேரம் காயவிடுங்கள். கடுவெயிலின் வெப்பமும் உலர்வும் உண்ணியைக் கொல்லும். ஆயின், இறந்த உண்ணியின் எச்சம் தூசோடு தங்கியிருக்கும். ஆதலின், பின்னர்க் கொடியிலே தொங்கவிட்டுக் கோலால் நன்றாக அடித்தல் வேண்டும். அவ்வேளையிற் குழந்தை அருகில் நிற்றல் ஆகாது. வீட்டினுள்ளே தும்புத்தடியாற் கூட்டும்போது தூசு காற்றில் எழும். அது படியும்வரை குழந்தையை வேறோர் அறையில் வைத்திருங்கள். பிழிந்தெடுத்த ஈரத் தேயிலைச் சக்கையைத் தூவிக் கூட்டினால் தூசு அதனோடு ஒட்டிக்கொள்ளும். இது பழைய காலத்து முறை. வெளிர்நிறக் கம்பளத்திற்கு மட்டும் அது உதவாது, சாயம் பற்றும்.

அடுத்து, கறை. எக்கறையாயினும் தேய்த்தல் கூடாது. தேய்த்தால் அது ஆழமாக இறங்கும், இழையும் சிதையும். தூய பழந்துணியைக் கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள். பாலும் வாந்தியும் புரதம் உடையவை. முட்டை வெந்நீரில் இறுகுவது போல அவையும் வெந்நீர் பட்டால் இழையோடு இறுகிவிடும். எனவே, முதலிற் குளிர்ந்த நீரையே பயன்படுத்துங்கள். பின்னர் மென்மையான சவர்க்கார நீர் சிறிது. இறுதியில் மீண்டும் குளிர்நீர். சிறுநீர் நாட்பட்டால் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து அமோனியாவாக்கும். நெடிக்குக் காரணம் அதுவே. ஈரத்தை ஒற்றியெடுத்தபின், ஒரு பங்கு வினாகிரியில் இரு பங்கு நீர் கலந்து ஒற்றினால் அக்காரம் தணியும். எதனையும் கம்பளத்தின் மறைவான மூலையொன்றிற் சோதித்த பின்னரே பயன்படுத்துங்கள். கம்பளி மயிரும் ஒரு புரதமே. சலவைச் சோடாவும் வெளிற்றும் நீரும் அதனை அரித்துவிடும்.

கழுவிய இடத்தை அன்றே உலர்த்துங்கள். சாளரங்களைத் திறந்து மின்விசிறியைச் சுழல விடுங்கள். ஓரிரு நாள் ஈரம் நின்றாற் பூஞ்சணம் பிடிக்கும். மாரிகாலத்தில் இவ்விடயத்திலே இருமடங்கு கவனம் தேவை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. கறையினும் கொடியது கறை நீக்கும் மருந்து. வெளிற்றும் நீரை வினாகிரியோடோ அமோனியாவோடோ ஒருபோதும் கலவாதீர்கள், நச்சுவாயு பிறக்கும். மண்ணெண்ணெயையும் துப்புரவு நீர்மங்களையும் சோடாப் போத்தலில் ஊற்றிக் கையெட்டும் இடத்தில் வைப்பது பெருந்தவறு. குழந்தைக்குத் தெரிந்தது போத்தலின் வடிவமேயன்றி உள்ளிருப்பதன் குணமன்று. மண்ணெண்ணெயை அருந்திவிட்ட குழந்தைக்கு வாந்தியெடுப்பிக்க முயலாதீர்கள். வாந்தியின்போது அது நுரையீரலுட் புகுந்தால் உயிருக்கே இடர் நேரும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

நேயர்களே, தவழ்தலும் விழுதலும் சிந்துதலும் குழந்தையின் கல்வி. அக்கல்விக்குத் தரையே பள்ளிக்கூடம். அப்பள்ளிக்கூடத்தைத் தூய்மையாக வைத்திருத்தல் நம் கடமை. மாணவனை வெருட்டி வெளியேற்றுதல் முறையன்று. இன்று சிந்திய பால் நாளை மறைந்துவிடும். நம் கூக்குரலாற் குழந்தை நெஞ்சிற் புகுந்த அச்சத்தை ஒற்றியெடுக்கத் துணியேதும் இல்லை. அடுத்தமுறை போத்தல் சரியும்போது முதலிற் குழந்தையைத் தூக்குங்கள். பின்னர்ப் பழந்துணியைத் தேடுங்கள்.