ஆயிரம் ஜென்மங்களை மறைத்த சந்திரமுகி

ராஜபாளையத்திலிருந்து சேத்தூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவரும் அவருடைய மருமகன் முறைப் பையனும். நடிகர் பெயரைச் சொன்னால் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், பேய்ப் படம் மட்டும்தான். இதுதான் விளையாட்டு.

"ரஜினி," என்றார் பெரியவர்.

"சந்திரமுகி. இதெல்லாம் ஒரு கேள்வியா மாமா?"

"அது இல்ல மாப்ள. லதா."

பையன் முழித்தான்.

"விஜயகுமார்."

அப்போதும் வரவில்லை. பின்சீட்டிலிருந்த அம்மா ஒருவர்தான் பொறுக்க முடியாமல் "ஆயிரம் ஜென்மங்கள்" என்று போட்டு உடைத்தார். துரை இயக்கி 1978இல் வந்த படம். பையன் தலையில் அடித்துக்கொண்டான்: "டிவில பாத்த படம் மாமா! பேருதான் வரல."

அவன் சொன்னது பொய்யில்லை. 1966இல் கனடாவில் எண்டல் டல்விங், செனா பெர்ல்ஸ்டோன் என்ற இரு உளவியலாளர்கள் பள்ளி மாணவர்களுக்குச் சொற்பட்டியல்களை வாசித்துக் காட்டினார்கள். பிறகு நினைவிருப்பதை எழுதச் சொன்னார்கள். 'விலங்கு', 'ஆயுதம்' என்று சொற்களின் வகையை எடுத்துக்கொடுத்தபோது, சும்மா எழுதியவர்களைவிட அதிகமாக எழுத முடிந்தது. மறந்துவிட்டதாக நாம் நினைப்பதில் பெரும்பகுதி மண்டைக்குள்ளேயே கிடக்கிறது. எட்டத்தான் துறட்டி வேண்டும்.

பையனுக்குத் துறட்டி கொடுத்தும் வராததற்குக் காரணம் சந்திரமுகிதான். சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடிய படம். அதன் பிறகு எத்தனை தடவை டிவியில் போட்டார்களோ! ஒரு நினைவை எடுக்க எடுக்க அது இன்னும் சுலபமாக வரும். வந்தது வாசலில் நின்றுகொண்டு பின்னால் இருப்பதை வெளியே விடாது. அதிலும் பையன் போய்க்கொண்டிருப்பது ஜமீன் இருந்த ஊருக்கு. பேய், ரஜினி என்றதும் சந்திரமுகியின் வேட்டையபுரம் அரண்மனை கண்முன் வந்தால் அவன்மேல் குற்றமில்லை.

நடிகரின் பெயர் மூளையில் எங்கே இருக்கிறது? இதற்கு விடை தேடியபோது கிடைத்ததும் ஒரு சினிமாக் கதைதான். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனைகள் வைக்கப்பட்ட சிலருக்கு ரோட்ரிகோ கிரோகாவின் குழு பிரபலங்களின் படங்களைக் காட்டியது. ஒருவருடைய மூளையில் ஒரு நரம்பு செல், நடிகை ஹாலி பெரியின் புகைப்படத்துக்குத் துடித்தது. கோட்டோவியத்துக்கும், பூனைப்பெண் முகமூடி போட்ட படத்துக்கும், கடைசியில் வெறும் எழுத்தில் அவர் பெயரைக் காட்டியபோதும் துடித்தது. ஆய்வு 2005இல் வெளியானது, சந்திரமுகி வந்த அதே வருஷம். நம் ஊரில் தேடியிருந்தால், அவிழ்ந்த கூந்தலுக்கும் உருட்டிய விழிக்கும் அசராமல் துடிக்கும் ஒரு ஜோதிகா செல் அகப்பட்டிருக்கலாம். ஒருவருக்கு ஒரே ஒரு செல் என்று அர்த்தமில்லை. பல செல்கள் கூட்டாகச் செய்யும் வேலை அது.

ஒரு பெயரோடு எத்தனை படங்கள் கட்டப்பட்டிருக்கின்றனவோ, அத்தனைக்கு அந்தப் பெயர் துப்பாக உதவாமல் போகும். ஜான் ஆண்டர்சன் 1974இல் இதைக் காட்டினார்: ஒரு ஆளைப் பற்றி அதிகத் தகவல் படித்தவர்கள், அதில் ஒன்றைச் சரிபார்க்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ராஜபாளையத்தில் பிறந்த விஜய் சேதுபதியையே பாருங்கள். 2012 கடைசியில் அவர் பெயரைச் சொன்னால் 'பீட்சா'வை ஊகிப்பது கஷ்டமில்லை. 2024இல் வந்த 'மகாராஜா' 50ஆவது படம். இன்று அவர் பெயரை மட்டும் சொல்லி ஒரு படத்தைக் கேட்பது அநியாயம். ரம்யா நம்பீசனையும் சேர்த்தால் 'பீட்சா', 'சேதுபதி' என்று சில படங்களில் வந்து நிற்கும். பாபி சிம்ஹாவையும் சேர்த்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

இந்தக் கூட்டுத் துப்பின் பலத்தை அளந்தவர்கள் டேவிட் ரூபினும் வாண்டா வாலஸும். 'கற்பனை உயிர் ஒன்று சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டால் பதில் பல திசைக்குப் போகும். ஆங்கிலத்தில் 'ஓஸ்ட்' என்று முடியும் சொல் கேட்டாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் பதில் ஒன்றுதான், 'கோஸ்ட்'. 1989இல் வந்த அந்த ஆய்விலும் விடை பேய்தான் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

வலப்பக்கம் மலை நெருங்கி வந்தது. இப்போது கேட்பது பையன் முறை.

"விஜய் சேதுபதி."

"எந்தப் படம்னு நான் கண்டேன்?"

"ரம்யா நம்பீசன்."

"சேதுபதி! போலீஸ் படம்."

"பேய்ப் படம் மாமா. பாபி சிம்ஹா. பீட்சாக் கடை வேற வரும்."

இதைவிட யாரும் எடுத்துக்கொடுக்க முடியாது. பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். சேத்தூர் ஸ்டாப்பில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"நான் அந்தப் படமே பாக்கலடா."