ஊசி சரியான இடத்தில்தான் இறங்கியதா?

ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்பினால், 'வந்து சேர்ந்ததா?' என்று போன் போட்டுக் கேட்டுவிடலாம். உடம்புக்குள் உயிருள்ள செல்களையே மருந்தாக அனுப்பினால், அவை போய்ச் சேர்ந்தனவா என்று யாரிடம் கேட்பது?

செல் சிகிச்சை செய்யும் டாக்டர்களைக் குடையும் கேள்வி இது. நெதர்லாந்தின் நைமேகன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2005-ல் இதற்கு ஒரு பதிலை வெளியிட்டார்கள். அதில் அதிர்ச்சியும் இருந்தது.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்த 8 பேருக்கு அவர்கள் 'டென்ட்ரிடிக் செல்' சிகிச்சையைச் சோதித்தார்கள். 'இவன்தான் எதிரி' என்று நோய் எதிர்ப்புப் படைக்கு அடையாளம் காட்டும் செல்கள் இவை. நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்து, ஆய்வகத்தில் பக்குவப்படுத்தி, நிணநீர் முடிச்சுக்குள் ஊசியால் செலுத்த வேண்டும். பாடம் நடக்கும் வகுப்பறை அதுதான்!

இரும்புப் பொட்டு

செலுத்துவதற்கு முன்னால், செல்களுக்கு நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஊட்டினார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்பதே பெரிய காந்தம். இரும்பு இருக்கும் இடத்தில் காந்தப்புலம் சற்றே குலைவதால், படத்தில் அங்கே கறுப்பு விழும். செல்களுக்குப் பொட்டு வைத்து அனுப்பிய மாதிரி!

இரும்பு உடம்புக்குக் கெடுதல் இல்லையா? இதே வகைத் துகள்கள் கல்லீரல் ஸ்கேனுக்கு ஏற்கெனவே பயன்பட்டவைதான். உடம்பு அவற்றைச் சிதைத்து, தன் இரும்புக் கையிருப்பில் சேர்த்துக்கொள்ளும்.

பாதிப் பேருக்குக் குறி தப்பியது

அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடிதான் ஊசி போட்டார்கள். ஆனாலும் 8 பேரில் 4 பேருக்குச் செல்கள் முடிச்சுக்குள் இறங்கவே இல்லை என்று எம்.ஆர்.ஐ. காட்டிக்கொடுத்தது. சரியாக இறங்கியவர்களிடம், செல்கள் அடுத்தடுத்த முடிச்சுகளுக்கு நகர்ந்துபோனதும் தெரிந்தது.

இதைப் பார்க்காமல் விட்டிருந்தால்? 'சிகிச்சை பலிக்கவில்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள். உண்மையில் மருந்து வாசலைக்கூடத் தாண்டியிருக்காது.

இந்த முறையிலும் குறை உண்டு. ரத்தக்கசிவும் படத்தில் கறுப்பாகத் தெரியலாம். செல் பிரிந்து பெருகினால் இரும்பின் பங்கு குறைந்துகொண்டே போகும். செல் செத்தாலும் அதன் இரும்பு அங்கேயே தங்கிவிடலாம். வேறு செல்கள் அதை விழுங்கிவிடலாம். பொட்டு தெரிகிறது என்பதற்காக, வைத்துக்கொண்டவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல முடியாது!

இரும்புக்குப் பதில் ஃப்ளூரின் கலந்த திரவத்தை ஊட்டும் முறையும் வந்திருக்கிறது. எலும்பு, பல்லில் இருக்கும் ஃப்ளூரின் ஸ்கேனில் தெரியாது என்பதால், தெரிவதெல்லாம் அனுப்பிய செல்கள்தான் என்று நம்பலாம். 2014-ல் பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்த முடிவுகள் வெளிவந்தன.

இவையெல்லாம் இன்னும் ஆராய்ச்சி அளவில்தான். ஆனாலும், 'செல் சிகிச்சை' என்று யாராவது சொன்னால், நோயாளியின் வீட்டார் தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "செல்கள் போய்ச் சேர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வீர்கள், டாக்டர்?"