புதிதாய் முளைத்த சுருள்முடி: சூடின்றிப் பேணுவது எப்படி?

மதுரை வீதிகளில் ஒரு பெண் மொட்டைத் தலையோடு நடந்தால் யாரும் வியப்பதில்லை. பழநிக்கா, திருப்பதிக்கா, அழகர்கோயிலுக்கா என்று மட்டுமே கேட்பர். கீமோதெரபி பெறும் சகோதரியர் சிலர், ஏதேனும் ஒரு கோயிலின் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவதாக எங்களிடம் கூறியதுண்டு. சங்கடம் அதற்குப் பிறகே தொடங்குகிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முளைக்கும் முடி பழைய முடியைப் போல் இருப்பதில்லை. வாழ்நாள் முழுவதும் நீண்ட நேர்முடி உடையவராக இருந்தவருக்கு இறுக்கமான சுருள்கள் எழுகின்றன. அவை சீப்புக்கு அடங்குவதில்லை. வீட்டில் திருமணமோ காதணி விழாவோ நெருங்கும்போது, “அழகு நிலையத்தில் நேராக்கிக்கொள்ளலாமா?” என்னும் கேள்வியுடன் அவரும் அவருடைய மகளும் எங்கள் முன் வந்து அமர்கின்றனர்.

இதனை அற்பமான கேள்வியாக நாங்கள் கருதுவதில்லை. பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று இறைவனோடு நக்கீரர் வாதிட்டதாகத் திருவிளையாடற் புராணம் கூறும் ஊர் இது. கூந்தலை முடிக்கும் வகைகளை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என ஐந்தாகப் பிரித்து, ‘ஐம்பால்’ என்று முன்னோர் வழங்கினர். சுருளும் அவற்றுள் ஒன்று என்பதை நோயாளரிடம் சொல்லும்போது, சற்றே சிரிப்பு வருவதைக் கண்டிருக்கிறோம்.

முடி நேராக இருப்பதும் சுருள்வதும், தோலுக்குள் இருக்கும் அதன் வேர்ப்பையின் வடிவைப் பொறுத்தவை. வேர்ப்பை நேராக இருந்தால் முடி உருண்டையாகவும் நேராகவும் வளரும். வளைந்திருந்தால் முடி தட்டையாகிச் சுருளும். கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. வேர்ப்பையின் உயிரணுக்களும் அத்தகையவையே. ஆகவே சிகிச்சை தொடங்கிய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் முடி உதிர்கிறது. மருந்து நின்றபின் வேர்ப்பை சிறிது சிறிதாக மீண்டு, மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் புதுமுடியைத் தருகிறது. அந்த முடியின் தடிமனும் நிறமும் வளைவும் மாறியிருக்கலாம். பலருக்கு ஓராண்டு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பழைய இயல்பு திரும்புகிறது. சிலருக்குச் சுருள் நிலைத்துவிடுகிறது. நோய் மிச்சமிருக்கிறது என்பதற்கு இது அடையாளமன்று. இதை நாங்கள் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனெனில் அந்த அச்சத்தை வெளியே சொல்லாமல் மனத்தில் சுமப்போர் பலர்.

இனி, நேராக்குவது பற்றி. புதுமுடி மெல்லியது, தலைத்தோலும் எளிதில் எரிச்சல் கொள்வது. ஈரம் முற்றும் உலராத முடியில் சூடான இரும்பை வைத்தால், முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகி நுண்குமிழிகளை உண்டாக்கும். அவ்விடத்திலேயே முடி முறியும். இன்னொன்றையும் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பாக்லிடாக்சல் போன்ற மருந்துகளைப் பெற்றவர்களுக்கு விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். சூட்டை விரல் உணராதபோது, தீப்புண் ஆனபின்பே தெரியவரும்.

மருந்து தடவி நேராக்கும் முறை இதனினும் கவலைக்குரியது. அத்தகைய சில கலவைகள் சூடுபடும்போது ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் வைத்துள்ளது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலம் கலந்த களிம்புகளைப் பயன்படுத்திய சிலருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டதாக அண்மை ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் செய்திகள் வெளியாகியுள்ளன. சிஸ்பிளாட்டின் பெற்றவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சுமை தாங்கியது. ஆகவே, “ஒருமுறைதானே” என்று கேட்போருக்கும் வேண்டா என்றே நாங்கள் கூறுகிறோம்.

அப்படியானால் சுருளை என்ன செய்வது? அதனோடு போராடாமல், அது விரும்பும் திசையிலேயே ஒழுங்குபடுத்துவதே எளிது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது எப்படி மடித்தாலும் மடியும். அப்படியே உலர்ந்தால் அந்த மடிப்பு நிற்கும். மீண்டும் நனைத்தால் கலையும். முடியும் அவ்வாறே. முடியின் புரதத்தை இணைக்கும் பிணைப்புகளுள் ஒருவகை, நீர் பட்டால் விடுபட்டு, உலரும்போது புதிய வடிவில் மீண்டும் இணைகிறது. இதற்குச் சூடு தேவையில்லை. நீரும் விரலும் பொறுமையும் வேண்டும்.

காலை நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். இரவில் ஈரத்தலையோடு படுத்தால் தலைத்தோலில் பூஞ்சை வளர இடமுண்டு. வெந்நீர் வேண்டா, தண்ணீரோ இளஞ்சூட்டு நீரோ போதும். காரம் மிகுந்த சோப்பையும், திப்பி உள்ள சீயக்காய்த் தூளைத் தேய்ப்பதையும் இக்காலத்தில் தவிர்த்து, மென்மையான ஷாம்பூவையும் அதன்பின் கண்டிஷனரையும் பயன்படுத்துங்கள். மதுரையைச் சுற்றியுள்ள பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து முடியின்மேல் படிந்து சொரசொரப்பாக்கும். இறுதியாக ஊற்றும் ஒரு செம்பு நீரை மட்டுமாவது குடிநீராகக் கொள்ளுங்கள். அந்த ஒரு செம்பே வேறுபாட்டைக் காட்டும். கண்டிஷனர் தலையில் இருக்கும்போதே, அகலமான பற்களுள்ள சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். உலர்ந்த சுருள்முடியைச் சீவவே கூடாது.

துண்டால் பரபரவெனத் தேய்ப்பது நம் எல்லோருக்கும் பழகிய வழக்கம். அதை விடுத்து, பழைய வேட்டித் துணியால் ஒற்றி நீரை வாங்குங்கள். முடி சொட்டாமல், ஆனால் நன்கு ஈரமாக இருக்கவேண்டும்.

கஞ்சியின் வேலையைச் செய்ய ஆளி விதை உண்டு. நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். இரண்டு மேசைக்கரண்டி விதையை இரண்டு குவளை நீரிலிட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்கவிட்டால், சில நிமிடங்களில் முட்டையின் வெள்ளைக்கரு போல் இழுபடும். ஆறவிட்டால் வடியாது, சூட்டோடே மெல்லிய துணியில் வடித்து, ஆறியபின் பயன்படுத்துங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைக்கலாம். நாற்றம் மாறினால் கொட்டிவிடுங்கள். இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களிலும், தலையில் புண்ணோ கொப்புளமோ இருக்கும்போதும், வீட்டில் செய்த எந்தக் கலவையும் வேண்டா. முதன்முறை முழங்கையின் உட்புறம் சிறிது தடவி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள்.

முடி மூன்று நான்கு சென்டிமீட்டர் இருக்கும் நிலையில் விரற்சுருளே ஏற்றது. பென்சில் பருமன் அளவுக்கு ஒரு கற்றையை எடுத்து, களியைத் தடவி, ஆட்காட்டி விரலில் வேரிலிருந்து நுனிவரை சுற்றி, மெல்ல விரலை உருவிவிடுங்கள். சுருள் தானே நிற்கும். இப்படி முழுத் தலையையும் முடிக்க ஒருமணி நேரம் ஆகலாம். கையை உயர்த்தி வைப்பதில் வலியுள்ளவர்கள், குறிப்பாக மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், இதைத் தாமே செய்ய வேண்டா. மகளோ மருமகளோ பின்னால் அமர்ந்து செய்யட்டும். முன்னர் தாய் மகளுக்குத் தலை பின்னிய அதே திண்ணையில் இப்போது இடம் மாறி அமர்ந்திருப்பதாக ஒரு குடும்பத்தினர் எங்களிடம் கூறினர்.

பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தபின், இரண்டு கற்றைகளைக் கயிறு திரிப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிவிடலாம். அல்லது பழைய, சாயம் போகாத சுங்குடிச் சேலையை விரலகல நாடாக்களாகக் கிழித்து, ஈரக்கற்றையை நுனியிலிருந்து நாடாவில் சுற்றித் தளர்வாக முடிச்சிடலாம். சுங்குடி நெய்தவரின் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை: முடிச்சிட்டுச் சாயம் தோய்த்து, உலர்ந்தபின் அவிழ்க்கும்போதுதான் புள்ளி தெரிகிறது. இங்கும் முழுதும் உலருமுன் அவிழ்த்தால் உழைப்பு வீண். நிழலில், மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள். சித்திரை வெயில் நாளில் நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். ஐப்பசி மழையில் மாலை வரை ஆகும். இழுத்துக் கட்டுவது எவ்வகையிலும் கூடாது. வேரில் தொடர்ந்து இழுப்பு விழுந்தால் முன்நெற்றி முடி நிலையாக உதிரும். பள்ளிச் சிறுமியரின் இறுக்கமான இரட்டைச் சடைக்கும் இது பொருந்தும்.

உலர்ந்தபின் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெயை விரல்களில் தடவி, சுருள்களை மெல்லப் பிரித்துவிடுங்கள். அதன்பின் தொடாதிருந்தால் இரண்டு மூன்று நாள் நிற்கும். வியர்வையிலும் மழைச்சாரலிலும் விரைவில் கலையும். பிறவியிலேயே சுருட்டைமுடி உடையோர்க்கும் இம்முறை முழுதும் உகந்ததே. ‘பரட்டை’ என்று கேலி செய்யப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் இப்பகுதியை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

சிகிச்சை முடிந்து ஆறு மாதமாகியும் முடி முளைக்கவில்லை என்றாலும், வட்டவட்டமாக வழுக்கை தெரிந்தாலும், தலைத்தோலில் சீழோ செதிலோ கண்டாலும் அடுத்த முறைநாள் வரை காத்திராமல் வாருங்கள். தலையில் கதிர்வீச்சு பெற்றோர்க்குக் கதிர் பட்ட இடத்தில் முடி வளராதிருக்கலாம். அவர்களிடம் இதுபற்றித் தனியே பேசுகிறோம்.

பூ வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் பலர். மதுரை மல்லி அடர்ந்தது. ஒரு முழப் பூவின் எடை புதுமுடிக்கு மிகுதி. சுருள் காதுமடலைத் தொடும் அளவுக்கு வளர்ந்தபின், நான்கு விரலளவுச் சரத்தை இரண்டு சுருள்களுக்கு இடையே மெல்லிய கொண்டை ஊசியால் பொருத்துங்கள். சுருள்முடியில் ஊசி வழுக்காது. நேர்முடியைவிட நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.