கேட்டவருக்கு மட்டும் போகும் படம்
கண்ணாடி இழை – 12

விருதுநகர் சந்தையில் உளுந்து, மல்லி, வத்தல் விலை படிந்ததும் நிலவரம் ஒரே பட்டியலாகத்தான் வெளியே வரும். வேண்டியவர்கள் வாங்கிக்கொள்வார்கள், வேண்டாதவர் கதவை யாரும் தட்டுவதில்லை. மல்டிகாஸ்ட் ஏற்பாடும் அதுதான். சென்ற வாரம் பார்த்த யூனிகாஸ்டில் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி; பிராட்காஸ்டில் கேட்காதவர் தலையிலும் ஒரு பிரதி. மல்டிகாஸ்டில் அனுப்புபவர் ஒருமுறை அனுப்பினால் போதும். வழி பிரியும் இடத்தில் சுவிட்சே நகல் எடுத்துக்கொள்ளும்.

ஸ்டீவ் டீரிங் வகுத்த இந்த முறை 1989 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 1112 என்ற ஆவணமாக வெளிவந்தது. 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவை எந்தக் கருவிக்கும் சொந்தமில்லை. ஒரு குழுவின் பெயர், அவ்வளவுதான்.

இது எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் அறைகள் பாதுகாப்பு இடைவெளிவிட்டுத் தள்ளித் தள்ளி நிற்கும். ஒரு கட்டடத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே செம்புக் கேபிள் இழுத்தால் இடி விழும்போது மின் எழுச்சியும் அதன் வழியே ஓடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. வெடிமருந்து இருக்கும் வளாகத்தில் இது சின்ன விஷயமில்லை.

அப்படியொரு வளாகத்தில் கேட், மதில், லோடு ஏற்றும் இடம் என்று 16 கேமராக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது. ஐந்து திரைகளில் எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமென்றால் யூனிகாஸ்டில் 320 மெகாபிட். 100 மெகாபிட் இணைப்பில் மூச்சு முட்டும். மல்டிகாஸ்டில் அதே வேலை 64 மெகாபிட்டில் முடிந்துவிடும்.

சரி, படம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று எப்படிப் பார்ப்பது? கேமராக்கள் ஒரு விலேனிலும் (தனியாகப் பிரித்த நெட்வொர்க் பகுதி) திரைகள் இன்னொன்றிலும் இருந்தால், நடுவில் அவற்றை இணைத்து வழிகாட்டும் லேயர் 3 சுவிட்சில் ‘ஷோ ஐபி எம்ரூட்’ என்று அடிக்க வேண்டும். சிஸ்கோ வகை சுவிட்சுகளில் இதுதான் கட்டளை. மற்றவற்றில் சொல் கொஞ்சம் மாறும். பட்டியலில் இரண்டு வகை வரிகள் தென்படும். பொறியாளர்கள் ‘ஸ்டார் கமா ஜி’ என்று வாசிக்கும் வரிக்கு, இந்தக் குழுவின் படம் யார் அனுப்பினாலும் சரி, இங்கே ஆள் காத்திருக்கிறது என்று பொருள். ‘எஸ் கமா ஜி’ வரியோ இன்ன கேமரா இன்ன குழுவுக்கு அனுப்புகிறது என்று பெயர் சொல்லும். ஒவ்வொன்றின் கீழும் உள்ளே வரும் வழி ஒன்று, வெளியே போகும் வழிகள் பல.

ஸ்டார் கமா ஜி மட்டும் இருந்தால் கேட்பவர் உண்டு, படம் வந்து சேரவில்லை. எஸ் கமா ஜி இருந்தும் வெளிவழி ‘நல்’ என்று காட்டினால் படம் வருகிறது, கேட்பாரில்லை. இரண்டும் ஒழுங்காக இருந்தும் திரை கறுப்பாக இருந்தால் ஆர்பிஎஃப் சோதனையைச் சந்தேகிக்கலாம். கேமராவுக்குத் திரும்பிப் போகும் வழி எதுவோ அதிலேயே பாக்கெட் வர வேண்டும். வேறு வழியில் வந்தால் சுவிட்ச் தூக்கி எறிந்துவிடும். வளையமாகச் சுற்றாமலிருக்க இந்தக் கண்டிப்பு. எத்தனை எல்லை தாண்டலாம் என்று சொல்லும் டிடிஎல் மதிப்பு 1 என்று அமைந்த கேமராவின் படமும் லேயர் 3 எல்லையைத் தாண்டாது.

எந்தப் போர்ட்டில் யார் கேட்கிறார்கள் என்று சுவிட்ச் வைத்திருக்கும் பட்டியலிலும் வரிகள் தாமாக அழியும். சிறிய ஆலைகளில் காணும் விசித்திரமான கோளாறு இங்கேதான் பிறக்கிறது: திரையைத் திறந்ததும் படம் அருமையாக வரும், நாலு நிமிஷம் கழித்து நின்றுவிடும். திரும்பத் திறந்தால் மறுபடி நாலு நிமிஷம். கேமராவைக் கழற்றி மாற்றுவார்கள், கேபிளை மாற்றுவார்கள், பலன் இருக்காது. யார் எந்தக் குழுவைக் கேட்கிறார்கள் என்று அறியும் ஐஜிஎம்பி முறையில் ‘இன்னும் யாருக்கு வேண்டும்?’ என்று 125 விநாடிக்கொருமுறை கேட்க ஒரு குவெரியர் வேண்டும். ரூட்டர் இல்லாத சின்ன நெட்வொர்க்கில் அப்படிக் கேட்க ஆளில்லை. கேட்காததால் திரையும் பதில் சொல்வதில்லை. 260 விநாடி, அதாவது 4 நிமிஷம் 20 விநாடி ஆனதும், இந்தக் கேள்வி பதிலை ஒட்டுக்கேட்கும், அதாவது ஸ்னூப்பிங் செய்யும் சுவிட்ச் அந்தப் போர்ட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். சில சுவிட்சுகளில் படம் நிற்கும்; சிலவற்றில் எல்லாப் போர்ட்டிலும் பெருகி ஓடும். இரண்டாவதுதான் மோசம், காரணம் கண்ணில் படாது. ‘ஷோ ஐபி ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் குவெரியர்’ என்று அடித்து, விடை காலியாக வந்தால் சுவிட்சிலேயே குவெரியரை இயக்கிவிட வேண்டும். செலவு ஒரு பைசா இல்லை.

குழு எண் கொடுக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும். 239.1.1.10, 239.129.1.10 இரண்டுக்கும் சுவிட்ச் பார்க்கும் மேக் முகவரி ஒன்றேதான். ஐபி முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே அதில் இடம்பெறுகின்றன. ஒரே நெட்வொர்க்கில் இரண்டையும் வைத்தால் ஒரு கேமராவைக் கேட்டவருக்கு இன்னொன்றும் சேர்ந்து வரலாம்.

ஆலையை விட்டு வீட்டுக்கு வருவோம். 2024 அக்டோபரில் பிஎஸ்என்எல் தன் ஃபைபர் வழி தொலைக்காட்சியை முதலில் தொடங்கியது மத்தியப் பிரதேசத்திலும் தமிழ்நாட்டிலும்தான். இப்படி இழைவழி வீட்டுக்கு வரும் நேரலைச் சேனல்களில் என்ன நடக்கிறது, ரிமோட்டில் சேனல் மாற்றியதும் பெட்டி யாரிடம் ‘போதும்’ என்று சொல்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)